ஆய்விதழின் பெயரைப் போட்டால் ஸ்டைல் ஏன் கிடைப்பதில்லை?

வந்த கேள்வி இது: "ஸோட்டெரோ வைத்துக் கட்டுரை எழுதுகிறேன். அனுப்பப்போகிற ஆய்விதழின் பெயரை ஸ்டைல் தேடும் பக்கத்தில் போட்டால் ஒன்றும் வரவில்லை. மாதிரி கொடுத்துத் தேடும் கருவி ஒன்று இருக்கிறது என்றார்கள். அந்த இதழின் வழிகாட்டுக் குறிப்பிலிருந்து ஒரு ரெஃபரன்ஸை எடுத்து அதில் ஒட்டினேன். சம்பந்தமே இல்லாத ஸ்டைல்கள் வரிசையாக வந்தன. இதைவிட நல்ல வழி இல்லையா? இந்தத் தேடல் கருவிகளை எப்படிச் சரிசெய்யலாம்?"

ஸோட்டெரோ என்பது ரெஃபரன்ஸ்களைச் சேர்த்துவைத்து, கட்டுரையில் தானாக எழுதித்தருகிற மென்பொருள். அவற்றை எந்த முறையில் எழுதுவது என்ற விதிகள் இருக்கிற ஃபைல்தான் ஸ்டைல். முதலில் உங்களுக்கு நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாதிரி கொடுத்துத் தேடும் அந்தக் கருவி, ஸ்டைல்களைத் திருத்துவதற்கான சிஎஸ்எல் எடிட்டர் என்ற இணையக் கருவியின் ஒரு பகுதி. அதனிடம் ஏற்கெனவே சில மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டைலும் அந்த மாதிரிகளை எப்படி அச்சிடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அது காட்டுகிற அதே கட்டுரையை உங்கள் இதழின் முறைப்படி மாற்றி எழுதுவது. வேறு ஒரு கட்டுரையின் ரெஃபரன்ஸை ஒட்டினால், ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு எதுவுமே ஒத்துப்போகாது. தற்செயலாக எந்த ஸ்டைலில் எழுத்துகள் ஓரளவு ஒத்து வந்தனவோ அதைத்தான் மேலே காட்டியிருக்கும். இதில் உங்கள் தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் வருகிற ஆய்வு மாணவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் தடவை இதைத்தான் செய்கிறார்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள் என்றால், திருத்த வேண்டியது கருவியைத்தான்.

சரி, பெயரைப் போட்டுத் தேடியபோது ஏன் வரவில்லை? அதற்கு ஸ்டைல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பொதுக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிஎஸ்எல் என்பது மேற்கோள் பாணிகளை எழுதி வைப்பதற்கான ஒரு மொழி, எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருப்பது. புரூஸ் டி'ஆர்கஸ் தொடங்கியது. ஸோட்டெரோ அதை எடுத்துக்கொண்டது, பிறகு மெண்டலே போன்ற அதே வகை மென்பொருள்களும் சேர்ந்துகொண்டன. 2010இல் 1.0 பதிப்பு வந்தது. இன்று அந்தப் பொதுக் கிடங்கில் 10,000க்கும் மேற்பட்ட ஸ்டைல்கள் இருக்கின்றன. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெறும் பெயர்ப்பலகைகள். சார்பு ஸ்டைல் என்பார்கள். உள்ளே வடிவமைப்பு விதி எதுவும் இருக்காது. இந்த இதழின் பெயர் இது, இதற்கான விதிகளை அந்தத் தாய் ஸ்டைலில் பார்த்துக்கொள் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். நேச்சர் குழுமத்தின் பல இதழ்கள் நேச்சர் ஸ்டைலைக் கைகாட்டுவது அப்படித்தான். உண்மையில் விதிகள் எழுதப்பட்ட தனி ஸ்டைல்கள் சில ஆயிரம்தான். ஸோட்டெரோவின் பக்கத்திலேயே தனித்த ஸ்டைல்களை மட்டும் காட்டு என்று ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் பட்டியல் சட்டென்று சுருங்குவதைப் பார்க்கலாம்.

அப்படியானால் பெயர்த் தேடல் என்ன செய்கிறது? யாரோ ஒருவர் உங்கள் இதழுக்கு ஏற்கெனவே ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் அதைக் காட்டுகிறது. மாட்டவில்லை என்றால், உங்கள் இதழின் விதிகள் அச்சு அசலாக உள்ளே இருந்தும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. புது இதழ்களுக்கும், இந்தியாவில் பல்கலைக்கழகத் துறைகள் நடத்துகிற இதழ்களுக்கும், முனைவர் பட்ட ஆய்வேட்டு விதிகளுக்கும் பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்காது. ஆனால் பொருந்துகிற ஸ்டைல் பெரும்பாலும் இருக்கும். ஒரு இதழ் தொடங்குகிறவர்கள் மேற்கோள் முறையைப் புதிதாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். உளவியலில் தொடங்கிய ஏபிஏ முறையையோ மருத்துவ இதழ்களில் வழங்குகிற வான்கூவர் முறையையோ எடுத்து, ஓரிரண்டு இடத்தில் மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

பெயர் ஏமாற்றுகிற இன்னொரு விதமும் உண்டு. வழிகாட்டுக் குறிப்பில் "ஹார்வர்டு முறையைப் பின்பற்றவும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ஹார்வர்டு என்று ஒரு ஸ்டைல் கிடையாது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுகிற வழக்கத்தை 1881இல் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்டு விலங்கியலாளர் தம் கட்டுரை ஒன்றில் பயன்படுத்தினார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விதிகளை எழுதி வைத்து, பதிப்பு பதிப்பாக வெளியிடுகிற ஒரு அமைப்பு அதற்கு இல்லை. அதனால் அந்தப் பெயரைப் போட்டால் ஒரு பல்கலைக்கழகத்தின் ஹார்வர்டு, ஒரு பதிப்பகத்தின் ஹார்வர்டு, இன்னொரு நாட்டின் ஹார்வர்டு என்று திரை நிறைய வரும். ஒவ்வொன்றிலும் காற்புள்ளி வேறு இடத்தில் இருக்கும். ஏபிஏவுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அமெரிக்க உளவியல் கழகம் விதிகளைத் தானே வெளியிடுகிறது. ஆனால் அங்கே ஆறாம் பதிப்பா ஏழாம் பதிப்பா என்று பார்க்க வேண்டும்.

ஆக, மாதிரியைக் காட்டித் தேடுவதுதான் சரியான யோசனை. அந்தக் கருவியை உருவாக்கியவர்களுக்கு நான் உண்மையிலேயே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழக நூலகமும் மெண்டலேயும் சேர்ந்து, ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியில் செய்தது. அது வருவதற்கு முன்னால் ஸ்டைல்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. யோசனை சரிதான். அளக்கிற கோல்தான் சரியில்லை என்பது என் கருத்து.

அந்தக் கோல் என்ன செய்கிறது? அடிப்படையில், நீங்கள் எழுதியதையும் ஒவ்வொரு ஸ்டைலும் அச்சிடுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எத்தனை எழுத்தை அழித்து, சேர்த்து, மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணுகிறது. வித்தியாசம் குறைவாக இருந்தால் 100க்கு அருகில் மதிப்பெண். இதில் என்ன கோளாறு என்று ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

ஸோட்டெரோவில் புது ஸ்டைல் கேட்கிறவர்கள் இரண்டு குறிப்புகளைத் தங்கள் இதழின் முறைப்படி எழுதித்தர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒன்று, காம்ப்பெல், பெடர்சன் என்ற இருவர் 2007இல் 'கம்பேரட்டிவ் பொலிட்டிக்கல் ஸ்டடீஸ்' இதழில் எழுதிய கட்டுரை. 40ஆம் தொகுதி, 3ஆம் எண், 307 முதல் 332 வரை. மற்றொன்று, 2001இல் வந்த ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயம். அந்த இதழ்ப் பெயரை முழுசாக எழுதினால் ஆங்கிலத்தில் இடைவெளியோடு 29 எழுத்து. சுருக்கி 'காம்ப். பொலிட். ஸ்டட்.' என்று எழுதினால் 18. ஒன்றை மற்றொன்றாக்க 14 மாற்றங்கள் வேண்டும். ஆசிரியர் இருவருக்கும் நடுவில் 'அண்ட்' என்று எழுதுவதற்கும் அதன் குறியீட்டைப் போடுவதற்கும் வித்தியாசம் 3 மாற்றம். தொகுதி எண்ணுக்குப் பிறகு காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்பது ஒரே ஒரு மாற்றம்.

இந்த 14ஐயும் 3ஐயும் 1ஐயும் கூட்டித்தான் மதிப்பெண் வருகிறது. ஆனால் உங்களுக்கு அவை என்ன? இதழ்ப் பெயரைச் சுருக்குவது ஸ்டைல் ஃபைலில் ஒரு சொல்லை மாற்றுகிற வேலை. சில நேரம் அதுகூட வேண்டாம், வேர்டில் ஸோட்டெரோவின் ஆவண அமைப்பில் சுருக்கப்பெயர் பற்றி இருக்கிற ஒரு டிக்கை மாற்றினால் போதும். அதற்கு 14 மாற்றம் என்று கணக்காகிறது. மறுபக்கம், எத்தனை ஆசிரியர் இருந்தால் சிலரை மட்டும் எழுதி 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போட வேண்டும் என்பது ஒரு இதழுக்கும் இன்னொன்றுக்கும் இடையே மிகப் பெரிய வித்தியாசம். ஆனால் மாதிரிக் கட்டுரைக்கு ஆசிரியர் இருவர்தான். அந்த விதி வேலை செய்யவே வாய்ப்பில்லை. கழியும் மதிப்பெண் பூஜ்யம். அதனால்தான் 100க்கு 98 வாங்கிய ஸ்டைலைப் போட்டுக் கட்டுரையை முடித்த பிறகு, எட்டு ஆசிரியர் உள்ள ரெஃபரன்ஸில் வந்து இடிக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம் வருகிறது. தேடுகிறவருக்கு வேண்டியது பார்வைக்கு ஒத்திருக்கிற ஸ்டைல் இல்லை. எந்த ஸ்டைலை எடுத்தால் கைவேலை குறைவு என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆகவே தூரத்தை எழுத்துக் கணக்கில் அளக்காமல், திருத்தக் கணக்கில் அளக்க வேண்டும். இந்த ஸ்டைலிலிருந்து உங்கள் இதழுக்கு வர, ஃபைலில் எத்தனை இடத்தைத் தொட வேண்டும் என்ற எண்ணிக்கை அது. 'அண்ட்' என்பதைக் குறியீடாக்க ஒரு இடம், முன்னெழுத்துக்குப் பிறகு புள்ளியை எடுக்க ஒரு இடம், 'எட் ஆல்' வரம்புக்கு இரண்டு எண்கள். ஆனால் ஆண்டைக் கடைசியிலிருந்து தூக்கி ஆசிரியருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் ஒரு துண்டையே பெயர்த்து நட வேண்டும், அதுவும் கட்டுரை, நூல், அத்தியாயம் என்று ஒவ்வொரு வகையிலும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்குறிப்பு முறையை எண் முறையாக்குவது என்றால் அந்த ஸ்டைலை விட்டுவிட்டு வேறு பார்ப்பதே மேல். எழுத்துக் கணக்கில் ஆண்டு இடம் மாறுவதும் இதழ்ப் பெயரைச் சுருக்குவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வேலைக் கணக்கில் இரண்டுக்கும் நடுவில் மலையளவு வித்தியாசம்.

இப்படி அளக்க, ரெஃபரன்ஸை ஒரே நீளச் சரமாகப் பார்க்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பகுதியில் என்ன வித்தியாசம், தலைப்பில் என்ன, தொகுதி எண்ணில் என்ன என்று. அப்படிப் பிரித்துவிட்டால் முடிவையும் மனிதர் படிக்கிற மாதிரி சொல்லலாம். வெறும் 93 என்று காட்டுவதைவிட, "இந்த ஸ்டைல் மூன்று இடத்தில் மாறுபடுகிறது: இதழ்ப் பெயரைச் சுருக்குவதில்லை, பக்க எண்ணை முழுசாக எழுதுகிறது, டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணைப் போடுகிறது" என்று சொன்னால், சரி, இதை எடுத்து மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்களே தீர்மானிப்பீர்கள். ஒரே மாதிரி அச்சிடுகிற ஸ்டைல்களை ஒரு கொத்தாகக் கட்டிக் காட்டுவதும் இதே வேலையின் ஒரு பகுதி. இப்போது முதல் இருபது முடிவும் ஒரே முகத்தோடு வந்து நின்றால், எதை எடுப்பது என்று மாணவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

அடுத்து, உங்களுக்கு நடந்த அந்தச் சிக்கல். மாதிரியைக் கருவி தீர்மானிக்காமல், உங்கள் கையில் இருக்கிற ரெஃபரன்ஸையே ஒட்டவிட்டால் என்ன? செய்யலாம். ஒட்டிய வரியிலிருந்து ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று பிரித்தெடுக்கிற திறந்த மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குரோபிட், எனிஸ்டைல் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. பிரித்தெடுத்த விவரத்தைத் தனி ஸ்டைல்கள் எல்லாவற்றுக்கும் கொடுத்து, அவை அச்சிடுவதை நீங்கள் ஒட்டியதோடு ஒப்பிடலாம்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. இதை யோசிக்காமல் செய்தால் கருவி முன்னைவிட மோசமாகும். உங்கள் இதழ் வெளியீட்டு எண்ணை, மேலே 3ஆம் எண் என்றேனே அதை, அச்சிடுவதில்லை என்று வையுங்கள். 40, 307–332 என்றுதான் இருக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த விவரத்தில் வெளியீட்டு எண் இருக்காது. அந்த விவரத்தை எந்த ஸ்டைலுக்குக் கொடுத்தாலும், வெளியீட்டு எண்ணைக் கட்டாயம் போடுகிற ஸ்டைல்கூட, இல்லாததை எங்கிருந்து போடும்? போடுகிற ஸ்டைலும் போடாத ஸ்டைலும் ஒன்றாகவே தெரியும். டிஓஐயும் இதே கதை, பதிப்பித்த ஊரும் இதே கதை. ஒரு ஸ்டைல் எதை விட்டுவிடுகிறது என்பது எதை அச்சிடுகிறது என்பதைப் போலவே முக்கியம். அதனால் ஒட்டிய வரியை வைத்து அந்தக் கட்டுரையை அடையாளம் கண்டு, அதன் முழுப் பதிவையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கட்டுரைகளின் டிஓஐயைப் பதிவுசெய்து வைக்கிற கிராஸ்ரெஃப் அதற்குத் தோதானது. டிஓஐ கிடைத்தால் தலைப்பு, எல்லா ஆசிரியர்கள், தொகுதி, எண், பக்கம் அனைத்தும் அங்கிருந்து வரும். அந்த முழுப் பதிவை ஸ்டைல்களுக்குக் கொடுத்தால்தான், உங்கள் இதழ் வேண்டுமென்றே விட்டது என்ன என்பது வெளியே தெரியும்.

அப்புறம் எந்த ரெஃபரன்ஸை மாதிரியாக எடுப்பது என்ற கேள்வி. இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமனும் கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 121ஆம் தொகுதி, 3048ஆம் எண், 501 முதல் 502ஆம் பக்கம். ஏபிஏவில் அது இப்படி வரும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

வான்கூவர் முறையில்:

ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121(3048):501–2.

நேச்சரின் சொந்த முறையில்:

ராமன், சி. வி. & கிருஷ்ணன், கே. எஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர் 121, 501–502 (1928).

பக்க எண்ணைப் பாருங்கள். 501–502 என்று முழுசாக எழுதுகிறவர்கள் ஒரு கட்சி, 501–2 என்று கடைசி இலக்கம் மட்டும் எழுதுகிறவர்கள் ஒரு கட்சி. இலக்கியத் துறைகளில் வழங்குகிற எம்எல்ஏ முறை இரண்டு இலக்கமாவது வேண்டும் என்று 501–02 எழுதும். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழ்களில் முதல் பக்கம் மட்டும், 501. ஒரே பக்க எண் நான்கு கூட்டமாகப் பிரித்துவிடுகிறது. மேலே சொன்ன 307–332 இதைச் செய்யாது. கடைசி இலக்கங்களை மட்டும் எழுதினாலும் 307–32, இரண்டு இலக்கமாவது வேண்டும் என்றாலும் 307–32. இரண்டு கட்சியும் ஒன்றாகவே தெரியும். மாதிரியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் ராமன் கட்டுரையும் போதாது. இதழின் பெயர் ஒரே சொல், சுருக்க இடமில்லை. ஆசிரியர் இருவர்தான், எனவே 'எட் ஆல்' தெரியாது. அதற்கு எட்டு ஆசிரியர் உள்ள ஒரு கட்டுரை வேண்டும். எட்டு ஏன் என்றால், அங்கே பெரிய ஸ்டைல்கள் தனித்தனியே பிரிகின்றன. ஏபிஏ ஏழாம் பதிப்பு இருபது பேர் வரை எல்லாரையும் எழுதச் சொல்கிறது, ஆகவே எட்டுப் பேரும் வருவார்கள். ஆறாம் பதிப்பில் முதல் ஆறு பேர், மூன்று புள்ளி, கடைசி ஆள். வான்கூவரில் ஆறு பேரும் 'எட் ஆல்' என்ற சொல்லும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் மூன்று பேரும் அதே சொல்லும். நேச்சரில் முதல் ஆள் மட்டும். ஐந்து விதமான விடை. இதைவிடக் கூர்மையான ஒரு சோதனை எனக்குத் தெரியாது.

பிறகு, பக்க எண்ணே இல்லாத கட்டுரை ஒன்று. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' 116ஆம் தொகுதியில் 061102 என்ற கட்டுரை எண்ணோடு வந்தது. இப்போது இணைய இதழ்களில் பாதிக்கு இந்த வழக்கம் இருக்கிறது போலத் தோன்றுகிறது. பழைய ஸ்டைல் ஃபைல்களில் இதற்கு இடமே வைத்திருக்க மாட்டார்கள். கடைசியாக, தொகுப்பாசிரியர் பெயரோடு ஒரு நூல் அத்தியாயம். தொகுப்பாசிரியர் பெயர் நூலின் தலைப்புக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பது ஸ்டைல்களுக்கு நடுவில் பெரிய பிரிவினை.

இதிலிருந்துதான் நான் மிகவும் எதிர்பார்க்கிற மேம்பாடு பிறக்கிறது. கருவி ஒரு மாதிரியை வாங்கிக்கொண்டு பட்டியலைக் கொட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. மிச்சமிருக்கிற ஸ்டைல்களைப் பார்த்து, எந்தக் கேள்வியைக் கேட்டால் அவை அதிகமாகப் பிரியும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டும். முதல் மாதிரிக்குப் பிறகு 50 ஸ்டைல் மிஞ்சுகிறது என்றால், "எட்டு ஆசிரியர் உள்ள ஒரு ரெஃபரன்ஸ் உங்கள் இதழில் எப்படி இருக்கிறது? இந்த ஐந்தில் ஒன்றைத் தொடுங்கள்" என்று கேட்டால் போதும். ஐம்பது பத்தாகும். அடுத்து பக்க எண்ணைக் கேட்டால் பத்து மூன்றாகும். நல்ல வைத்தியர் கேட்கிற மாதிரி, முந்தைய பதிலிலிருந்து அடுத்த கேள்வி வர வேண்டும். நீங்கள் எதையும் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை, இதழின் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தொட்டால் போதும். ஸ்டைல்கள் எல்லாம் கணினி படிக்கிற ஃபைல்களாக இருப்பதால் இதற்கான கணக்கு ஒன்றும் பெரிதில்லை.

ஒப்பிடுவதற்கு முன் துடைத்து எடுக்க வேண்டிய தூசிகளும் இருக்கின்றன. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் காணாமல் போகும். வரி முடிவில் உடைந்த சொல்லில் ஒரு கோடு ஒட்டிக்கொண்டு வரும். பக்க எண்ணுக்கு நடுவில் நீளக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நாம் குட்டைக்கோடு அடித்திருப்போம். வளைந்த மேற்கோள்குறி நேர்க்குறியாகும். இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு ஒப்பிட்டால்தான் நியாயம்.

இதைவிடப் பெரிய சிக்கல், இலக்கே ஆடுவது. வழிகாட்டுக் குறிப்பில் கொடுத்திருக்கும் மூன்று எடுத்துக்காட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் முன்னெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கும், அடுத்ததில் இருக்காது. அந்தக் குறிப்பு ஒன்று சொல்லும், அதே இதழில் போன மாதம் வந்த கட்டுரை இன்னொன்று காட்டும். ஒரு ஆய்வு மாணவி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 180 ரெஃபரன்ஸை இரண்டு தடவை கையால் மாற்றி எழுதியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். அந்த நேரத்தில் அவர் இரண்டு அத்தியாயம் திருத்தியிருக்கலாம். ஆகவே கருவி ஒரே மாதிரியை நம்பி முடிவு சொல்லக் கூடாது. மூன்று நான்கு ரெஃபரன்ஸ்களை வாங்கி, அவை தமக்குள்ளேயே முரண்பட்டால் "இந்த இடத்தில் உங்கள் மாதிரிகளே ஒத்துப்போகவில்லை, அதனால் இதைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட வேண்டும். நூறு சதவீதப் பொருத்தம் என்பதே பல நேரம் கிடைக்காத ஒன்று.

தமிழ் ரெஃபரன்ஸை மாதிரியாகக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. தலைப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதலெழுத்தைப் பெரிதாக்குகிற ஸ்டைலும், முதல் சொல்லுக்கு மட்டும் பெரிதாக்குகிற ஸ்டைலும் தமிழில் ஒன்றாகவே தெரியும். அதேபோல, குடும்பப்பெயர் இல்லாத நம் பெயர்களை மாதிரியாக வைத்தால் குழப்பம் கூடும். தந்தை பெயரின் முன்னெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டவர்கள் பலர். ஸ்டைலில் கோளாறா பதிவில் கோளாறா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். சோதனைக்குச் சிக்கலில்லாத ஆங்கிலப் பதிவு, சொந்தக் கட்டுரைக்கு உங்கள் பதிவு.

இதெல்லாம் கருவி செய்பவர்களுக்கு. நீங்கள் இன்றைக்கு என்ன செய்வது?

உங்கள் இதழின் சமீபத்திய கட்டுரைகள் மூன்றைத் திறந்து, எண் முறையா, ஆசிரியர்-ஆண்டு முறையா, அடிக்குறிப்பா என்று முதலில் பாருங்கள். ஸோட்டெரோவின் ஸ்டைல் பக்கத்தில் இந்த முறை வாரியாகவும் துறை வாரியாகவும் வடிகட்ட முடியும். உங்கள் துறையைத் தேர்ந்தெடுத்து, தனித்த ஸ்டைல்கள் மட்டும் என்று டிக் செய்தால் பட்டியல் கையடக்கமாகிவிடும். பிறகு மாதிரித் தேடலுக்குப் போய், அது தரும் கட்டுரையையே உங்கள் இதழ் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். சாய்வெழுத்து, தடித்த எழுத்து எல்லாம் போட்டு. மேலே வருகிற நான்கைந்து ஸ்டைலை ஸோட்டெரோவில் நிறுவுங்கள். முதலிடத்தில் இருப்பதுதான் சரி என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன காரணத்தால் ஐந்தாவது இடத்தில் இருப்பதுகூடச் சரியானதாக இருக்கலாம். அமைப்புகளில் மேற்கோள் பகுதிக்குப் போனால் ஸ்டைல் முன்னோட்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. ராமன் கட்டுரை, எட்டு ஆசிரியர் உள்ள ஒன்று, கட்டுரை எண் உள்ள ஒன்று, ஒரு அத்தியாயம் என்று நான்கு பதிவைத் தேர்ந்தெடுத்து அதைத் திறந்தால், நீங்கள் நிறுவியிருக்கும் எல்லா ஸ்டைலிலும் அந்த நான்கும் எப்படி வரும் என்று அடுத்தடுத்துக் காட்டும். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

மிஞ்சுகிற ஓரிரு வித்தியாசத்தை சிஎஸ்எல் எடிட்டரில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் ஸ்டைலின் பெயரையும், உள்ளே இருக்கும் அதன் அடையாள முகவரியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மறந்தால், ஸோட்டெரோ தானாகப் புதுப்பிக்கும்போது மூல ஸ்டைல் வந்து உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். அனுப்பும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: முதல் சமர்ப்பிப்பில் ரெஃபரன்ஸ் எந்த முறையில் இருந்தாலும் பரவாயில்லை, முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று சொல்கிற இதழ்கள் இப்போது நிறைய. எல்செவியர் இதழ்கள் பலவற்றில் அப்படித்தான். உங்கள் இதழும் அப்படிச் சொன்னால் இந்தப் பாடு எதுவும் இன்றைக்குத் தேவையில்லை.

எந்த மாற்றமும் இல்லாமல் ஏற்கெனவே இருக்கிற ஒரு ஸ்டைலே உங்கள் இதழுக்குப் பொருந்திவிட்டால், தயவுசெய்து இதையும் செய்யுங்கள். அந்த இதழுக்கு ஒரு சார்பு ஸ்டைல் எழுதி சிஎஸ்எல் குழுவின் கிட்ஹப் கிடங்குக்கு அனுப்புங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒரு சார்பு ஸ்டைலை நகலெடுத்து, இதழின் பெயர், ஸ்டைலின் அடையாள முகவரி, ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண், துறை, தாய் ஸ்டைலின் முகவரி, வழிகாட்டுக் குறிப்பின் முகவரி ஆகியவற்றை மாற்றினால் போதும், இருபது வரிகூட வராது. அடுத்து அந்த இதழின் பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு முதல் தேடலிலேயே கிடைத்துவிடும்.